ஒரே பேக்கேஜ் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறதே? ஜாவாஸ்கிரிப்ட் டிபென்டன்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்பவர்களும் நான் வகுப்பெடுக்கும் இடங்களில் உள்ளவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். டிபென்டன்சி என்றால் நம் புராஜெக்ட் சார்ந்திருக்கும், பிறர் எழுதிய பேக்கேஜ். அவற்றின் பட்டியல் பேக்கேஜ்.ஜேசன் ஃபைலில் இருக்கும். என்பிஎம், யார்ன், பிஎன்பிஎம் போன்ற பேக்கேஜ் மேனேஜர்கள் அவற்றை இறக்கி நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரில் வைக்கும். கட்டளைகள், பேக்கேஜ் பெயர்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ்.ஜேசன்ல ஒரு தடவைகூட டீபக்னு எழுதலை. நோட்_மாட்யூல்ஸ்ல பார்த்தா ரெண்டு டீபக் இருக்கு. யார் கொண்டு வந்தது?

நீங்கள் கேட்ட பேக்கேஜ்கள்தான் கொண்டுவந்தன. சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் 4ஐயும், கோடைச் சோதிக்கும் இஎஸ்லின்ட்டையும் ஒரே புராஜெக்டில் போட்டுப் பாருங்கள். டீபக் என்பது பிழை தேட லாக் எழுதும் சின்ன பேக்கேஜ். எக்ஸ்பிரஸ் 4 தன் பட்டியலில் டீபக் 2.6.9 என்று குறிப்பாக ஒரே வெர்ஷனைக் கேட்கிறது. இஎஸ்லின்ட் கேட்பது டீபக் 4 வரிசை. இரண்டையும் திருப்திப்படுத்தும் ஒரே வெர்ஷன் உலகத்தில் கிடையாது. அதனால் என்பிஎம் இரண்டையும் இறக்கி, ஒன்றை மேல் மட்டத்தில் வைத்து, மற்றொன்றைக் கேட்டவரின் ஃபோல்டருக்குள்ளேயே தனி நோட்_மாட்யூல்ஸ் போட்டு வைக்கிறது.

என்பிஎம் 2 வரை ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கு வேண்டியதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய், விண்டோஸில் 260 எழுத்துப் பாதை வரம்பைத் தாண்டி, அழிக்கக்கூட முடியாமல் பலர் தவித்தார்கள். 2015இல் வந்த என்பிஎம் 3தான் முடிந்தவரை எல்லாவற்றையும் மேல் மட்டத்துக்கு ஏற்றிவைக்கத் தொடங்கியது. இப்போது மிஞ்சியிருக்கும் இரட்டைகள் அப்படி ஏற்ற முடியாமல் போனவை.

கேரட் குறி போட்டிருந்தா அதுவே சமாளிச்சுக்கும்னு சொல்றாங்களே?

ஓரளவுதான். ^4.17.10 என்றால் 4.17.10 முதல் 5.0.0க்கு முன்புவரை எதுவும் சரி என்று பொருள். அந்த எல்லைக்குள் இருவரும் கேட்டால் ஒரே நகலில் முடிந்துவிடும். ஒருவர் 4, இன்னொருவர் 5 என்றால் கேரட்டால் ஒன்றும் ஆகாது.

பூஜ்யத்தில் தொடங்கும் வெர்ஷன்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ^0.2.3 என்பது 0.3.0ஐத் தொடாது. ^0.0.3 என்பது 0.0.3 மட்டுமே. இன்னும் 1.0க்கு வராத சின்னச் சின்ன பேக்கேஜ்கள் நிறைய உள்ள புராஜெக்டில் இரட்டைகள் அதிகம் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என்பிஎம் எல்எஸ் அடிச்சா பல இடத்துல 'டிடியூப்டு'ன்னு வருது. அது வார்னிங்கா?

இல்லை, நல்ல செய்தி. என்பிஎம் எல்எஸ் என்பது இன்ஸ்டால் ஆன பேக்கேஜ்களை மரமாகக் காட்டும் கட்டளை. இந்த இடத்தில் தனி நகல் இல்லை, மேலே இருக்கும் அதே நகலைத்தான் பயன்படுத்துகிறேன் என்று சொல்கிறது. அந்தச் சொல் இல்லாமல் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால்தான் நிஜமான இரட்டை.

வெர்ஷன் வேற வேறன்னா புரியுது. எனக்கு சாக் 4.1.2ன்னு ஒரே வெர்ஷனே ரெண்டு ஃபோல்டர்ல இருக்கே, அது எப்படி?

சாக் என்பது டெர்மினலில் எழுத்துக்கு நிறம் பூசும் பேக்கேஜ். மேல் மட்டத்தில் ஒரு பெயருக்கு ஒரே ஓர் இடம்தான். நீங்களே நேரடியாகச் சாக் 5ஐ இன்ஸ்டால் செய்திருந்தால் அந்த இடம் போய்விட்டது. இப்போது சாக் 4 கேட்கும் இரண்டு கருவிகள் இருந்தால், இருவருக்கும் பொதுவான வேறு இடம் இல்லாததால், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாக் 4 தனித்தனியாக உட்காரும். சாக் 5 இஎஸ் மாட்யூலாக (இம்போர்ட் வழியாக எடுக்கும் புதிய வடிவம்) மட்டுமே வருவதால் பல கருவிகள் 4இலேயே நின்றுவிட்டன. அதனால் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம்.

உங்கள் கோடுக்கு சாக் 5தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் நீங்களும் 4க்கு இறங்குங்கள். மூன்று நகல் ஒன்றாகிவிடும். ஒரு பேக்கேஜை மேம்படுத்துவதற்கு முன் மற்றவர்கள் எந்த வெர்ஷனில் நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் இந்த மாதிரி இடங்களில் கைகொடுக்கும்.

சரி ப்ரோ, ரெண்டு காப்பி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஆப் ஓடுதே, என்ன நஷ்டம்?

பல நேரம் நஷ்டம் எதுவும் இல்லை, உண்மைதான். முதல் பதிலில் சொன்ன இரண்டு டீபக்குகள் சர்வரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. சில கிலோபைட் டிஸ்க் போகும், அவ்வளவுதான். பிரவுசருக்குப் போகும் பண்டில் (எல்லாக் கோடையும் பண்டிலர் சேர்த்துக் கட்டிய ஃபைல்) என்றால் கதை வேறு. அதே லைப்ரரியை இரண்டு முறை இறக்குபவர் உங்கள் பயனர். சுமாரான போனில், சுமாரான நெட்டில் அவர் காத்திருக்கும் நேரம் அது.

உண்மையான ஆபத்து எடையில் இல்லை, நினைவில் இருக்கிறது. நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) ஒரு மாட்யூலை அதன் ஃபைல் பாதையை வைத்து அடையாளம் காண்கிறது. பாதை வேறென்றால் மாட்யூலும் வேறு, உள்ளே இருக்கும் கோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் சரி. ஒரே அச்சகத்தில் அடித்த இரண்டு ரசீது புத்தகங்கள் மாதிரி: ஒன்றில் எழுதிய வரவு மற்றொன்றில் இருக்காது. ஒரு நகலின் கிளாஸில் உருவான ஆப்ஜெக்டை இன்னொரு நகலின் கிளாஸோடு இன்ஸ்டன்ஸ்ஆஃப் வைத்துச் சோதித்தால் ஃபால்ஸ் வரும். திரையைக் கட்டும் லைப்ரரியான ரியாக்டில், ஒரு நகலின் கான்டெக்ஸ்டில் (காம்பொனென்ட்கள் மதிப்பைப் பகிரும் இடம்) போட்ட மதிப்பு மற்ற நகலின் கான்டெக்ஸ்டில் கிடைக்காது.

ஆகவே நான் பேக்கேஜ்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பேன். தேதியைக் கூட்டுவது, எழுத்துக்கு நிறம் பூசுவது போன்ற வேலை செய்பவை இரட்டையாக இருந்தாலும் கெட்டுப்போகாது. உள்ளே ஏதாவது நினைவில் வைத்திருப்பவை ஒன்றாகவே இருந்தாக வேண்டும்: ரியாக்ட், கிராஃப்க்யூஎல், ஸ்டைல்டு-காம்பொனென்ட்ஸ், த்ரீ.ஜேஎஸ் போன்றவை. கடைசி இரண்டும் தங்களுக்கு இன்னொரு நகல் இருப்பதைக் கண்டால் கன்சோலில் தாங்களே எச்சரிக்கும். அந்த மஞ்சள் வரியைத் தயவுசெய்து தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

'இன்வாலிட் ஹூக் கால்'னு எரர் வருது அண்ணா. ஹூக்கை காம்பொனென்டோட முதல் வரியில்தான் எழுதியிருக்கேன். விதி எதையும் மீறலை.

ஹூக் என்பது காம்பொனென்டுக்குள் அழைக்கும் யூஸ்ஸ்டேட் போன்ற ரியாக்ட் ஃபங்ஷன். ரியாக்ட்-டாம் என்பது காம்பொனென்டைப் பிரவுசரில் வரையும் பேக்கேஜ். ஹூக் விதியை மீறுவது, ரியாக்ட்டும் ரியாக்ட்-டாமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத வெர்ஷனாக இருப்பது, ஒரே ஆப்பில் இரண்டு ரியாக்ட் இருப்பது ஆகிய மூன்றுக்கும் இதே எரர்தான் வரும். ரியாக்ட்-டாம் ஒரு காம்பொனென்டை ரெண்டர் செய்யத் தொடங்கும்போது, இப்போது ஹூக்குகளைக் கவனிப்பது யார் என்ற குறிப்பைத் தான் இம்போர்ட் செய்த ரியாக்டுக்குள் எழுதி வைக்கிறது. யூஸ்ஸ்டேட் அந்தக் குறிப்பைத் தன்னுடைய ரியாக்டுக்குள் தேடுகிறது. இரண்டும் வேறு நகல் என்றால் அங்கே 'நல்' என்ற வெற்று மதிப்பு மட்டுமே இருக்கும். உடனே எரர்.

என்பிஎம் எல்எஸ் ரியாக்ட் என்று அடியுங்கள். தேதி-பெட்டி என்று ஒரு லைப்ரரி இருப்பதாக வைத்துக்கொண்டால் விடை இப்படி இருக்கும்:

என்-ஆப் 1.0.0
├─┬ தேதி-பெட்டி 2.4.0
│ └── ரியாக்ட் 17.0.2
├─┬ ரியாக்ட்-டாம் 18.3.1
│ └── ரியாக்ட் 18.3.1 டிடியூப்டு
└── ரியாக்ட் 18.3.1

குற்றவாளி மூன்றாவது வரியில் இருக்கிறார். 17.0.2க்குப் பக்கத்தில் டிடியூப்டு இல்லை, ஆகவே அது தனி நகல். அதை யார், எந்த எல்லையோடு கேட்டார்கள் என்று அறிய என்பிஎம் எக்ஸ்பிளெய்ன் ரியாக்ட் அடித்தால் போதும். யார்னிலும் பிஎன்பிஎம்மிலும் அதற்கு ஒய் என்ற கட்டளை. இன்னும் சந்தேகமாக இருந்தால், ரியாக்ட்-டாமின் இன்டெக்ஸ் ஃபைலில் தற்காலிகமாக ஒரு வரி சேர்த்து அது பார்க்கும் ரியாக்டை விண்டோவில் ஒரு பெயரில் வையுங்கள், உங்கள் காம்பொனென்ட் பார்க்கும் ரியாக்டை இன்னொரு பெயரில் வையுங்கள். கன்சோலில் மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டு ஃபால்ஸ் வந்தால் இரண்டு ரியாக்ட் இருப்பது உறுதி. ரியாக்ட் ஆவணமே சொல்லித்தரும் சோதனை இது.

நோட்_மாட்யூல்ஸையும் லாக் ஃபைலையும் அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணா சரியாயிடும்னு சீனியர் சொன்னார்...

நோட்_மாட்யூல்ஸை அழிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் லாக் ஃபைல் அப்படியே இருந்தால் அதே மரம்தான் மறுபடி முளைக்கும். லாக் ஃபைலை அழிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதில் உங்கள் ஆப் சோதிக்கப்பட்ட ஒவ்வொரு வெர்ஷனும் பதிந்திருக்கிறது. ஓர் இரட்டையை நீக்கப்போய், சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் ஒரே நாளில் நகர்ந்துவிடும். நாளைக்கு ஏதாவது உடைந்தால் எதனால் என்று தேட வழியிருக்காது.

சில நேரம் அது பலிக்கத்தான் செய்கிறது. ஏன் என்பது அடுத்த பதிலில். அதே பலனை லாக் ஃபைலை அழிக்காமலே பெறலாம்.

என்பிஎம் டிடியூப் போட்டேன். ஒண்ணுமே மாறலை. வேலை செய்யுதா இல்லையா?

வேலை செய்கிறது, ஆனால் எல்லையை மீறாது. ஒரே வெர்ஷனால் எல்லோரையும் திருப்திப்படுத்த முடிகிற இடத்தில் மட்டுமே சேர்க்கும். எக்ஸ்பிரஸ் 4 கேட்கும் டீபக் 2.6.9ஐ எத்தனை முறை ஓட்டினாலும் 4ஓடு சேர்க்காது. அங்கே வழி எக்ஸ்பிரஸையே 5க்கு மாற்றுவதுதான். அதன் அண்மை வெர்ஷன்கள் டீபக் 4க்கு வந்துவிட்டன.

தேவையே இல்லாத இரட்டைகளும் உண்டு, அவைதான் இந்தக் கட்டளைக்குரியவை. யார்ன் முதல் தலைமுறையில் இது மிகச் சாதாரணம். பழைய லாக் ஃபைலில் லோடாஷ் ^4.17.10 என்ற வரி 4.17.15இல் நிற்கிறது. பிறகு சேர்த்த ஒரு பேக்கேஜ் ^4.17.20 கேட்கிறது. யார்ன் பழைய வரியைத் தொடாமல் புதிய வரிக்கு 4.17.21ஐ எழுதிவிடும். 4.17.21 இருவருக்குமே போதும், ஆனால் இரண்டு நகல் நிற்கும். யார்ன் 1க்கு யார்ன்-டிடூப்ளிகேட் என்ற தனிக் கருவி இருக்கிறது. யார்ன் 2 முதல் டிடியூப் உள்ளேயே வருகிறது. பிஎன்பிஎம்மிலும் அதே பெயரில் உண்டு. லாக் ஃபைலில் நகர்வது அந்தச் சில வரிகள் மட்டுமே என்பதால் ரிவ்யூ செய்பவருக்கும் நிம்மதி.

ஓவர்ரைட்ஸ் போட்டு எல்லாரையும் ஒரே வெர்ஷனுக்குக் கட்டாயப்படுத்திடலாமா?

முடியும். என்பிஎம் 8.3 முதல் ஓவர்ரைட்ஸ், யார்னில் ரெசொல்யூஷன்ஸ், பிஎன்பிஎம்மில் மறுபடி ஓவர்ரைட்ஸ். ஆனால் அந்த லைப்ரரியை எழுதியவர் சோதித்தே பார்க்காத வெர்ஷனை அதன் கையில் திணிக்கிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது. மேஜர் எண் (வெர்ஷனின் முதல் எண்) மாறினால் இன்ஸ்டால் சத்தமில்லாமல் முடியும், ஓடும்போதுதான் உடையும். ஆழத்தில் இருக்கும் ஒரு பேக்கேஜில் பாதுகாப்பு ஓட்டை, அதே மேஜரில் திருத்தம் வந்துவிட்டது, நடுவில் இருப்பவர் இன்னும் மாறவில்லை என்றால் ஓவர்ரைட்ஸ் சரியான மருந்து. கூடவே அந்த நடு பேக்கேஜின் இஷ்யூ எண்ணை கமிட் செய்தியில் எழுதுங்கள். எப்போது எடுத்துவிடலாம் என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.

நீங்களே நேரடியாக இன்ஸ்டால் செய்திருக்கும் பேக்கேஜுக்கு வேறொரு எல்லையை ஓவர்ரைட்ஸில் எழுதினால் என்பிஎம் ஏற்காது. டாலர் குறியும் பேக்கேஜ் பெயரும் போட்டால் மேலே எழுதியிருக்கும் அதே எல்லையை எடுத்துக்கொள்ளும். தேதி-பெட்டிக்கு அதன் உள்ளே டாலர் ரியாக்ட் என்று எழுதுவது அந்த முறை. இன்னொன்று: ஓவர்ரைட்ஸ் புராஜெக்டின் வேர் பேக்கேஜ்.ஜேசனில் இருந்தால்தான் மதிக்கப்படும். லைப்ரரிக்குள் எழுதி பப்ளிஷ் செய்தால் பயனர் பக்கம் எந்த விளைவும் இருக்காது.

நான் ஒரு லைப்ரரி எழுதுறேன் அக்கா. ரியாக்டை டிபென்டன்சீஸ்ல போடணுமா, பியர்டிபென்டன்சீஸ்லயா?

பியரில் போடுங்கள். மேலே பார்த்த தேதி-பெட்டி செய்த தவறே ரியாக்டைத் தன் டிபென்டன்சீஸில் எழுதியதுதான். பியரில் எழுதினால், எனக்கு ரியாக்ட் வேண்டும், ஆனால் ஆப் வைத்திருப்பதையே பயன்படுத்திக்கொள்கிறேன் என்று பொருள். எல்லையைத் தாராளமாக வையுங்கள்: ^17.0.0 || ^18.0.0 என்பது போல், நீங்கள் உண்மையில் சோதித்த மேஜர்கள் எல்லாம். உங்கள் டெஸ்ட் ஓடுவதற்கு டெவ்டிபென்டன்சீஸிலும் ஒரு ரியாக்ட் இருக்கட்டும். பண்டில் செய்து பப்ளிஷ் செய்பவராக இருந்தால் ரியாக்டை எக்ஸ்டர்னல் (பண்டிலுக்குள் சேர்க்கக் கூடாதவை) பட்டியலில் சேருங்கள். இல்லாவிட்டால் பேக்கேஜ்.ஜேசன் சுத்தமாக இருக்கும், ரியாக்ட் உங்கள் ஃபைலுக்குள்ளேயே போய்விடும். எந்தக் கட்டளைக்கும் அது தெரியாது.

என்பிஎம் 3 முதல் 6 வரை பியர் பொருந்தாவிட்டால் வெறும் எச்சரிக்கைதான். 2020இல் வந்த 7 முதல் பியரையும் தானே இன்ஸ்டால் செய்கிறது, மோதினால் இரிசால்வ் என்ற எரரோடு நின்றுவிடுகிறது. லெகசி-பியர்-டெப்ஸ் கொடியைப் போட்டுத் தாண்டிப்போகிறவர்கள் அதிகம். அது மோதலைத் தீர்ப்பதில்லை, இன்ஸ்டால் நேரத்தில் கேட்ட கேள்வியை ரன் நேரத்துக்குத் தள்ளிவைக்கிறது.

பப்ளிஷ் பண்ணா நல்லா ஓடுது. என்பிஎம் லிங்க் போட்டு லோக்கல்ல டெஸ்ட் பண்ணாதான் ஹூக் எரர். பியர்லதான் போட்டிருக்கேன், சத்தியமா.

நம்புகிறேன். லிங்க் என்பது உங்கள் லைப்ரரி ஃபோல்டருக்கு ஒரு சிம்லிங்க், அதாவது அந்த ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி. நோட்டும் பண்டிலர்களும் சிம்லிங்கைப் பின்தொடர்ந்து நிஜப் பாதைக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கி ரியாக்டைத் தேடும். அங்கே டெவ்டிபென்டன்சீஸுக்காக நீங்கள் போட்ட ரியாக்ட் கையில் கிடைத்துவிடும். ஆப்பின் ரியாக்ட் வேறு, இது வேறு.

வீட் என்ற பில்ட் கருவியில் ரிசால்வ்.டிடியூப் பட்டியலில் ரியாக்டையும் ரியாக்ட்-டாமையும் சேர்த்தால் தீரும். வெப்பேக் என்ற பண்டிலரில் ரிசால்வ்.அலயாஸ் மூலம் ஆப்பின் ரியாக்ட் ஃபோல்டரைச் சுட்டலாம். எனக்குப் பிடித்தது என்பிஎம் பேக்: பப்ளிஷ் ஆகப்போகும் அதே டிஜிஇசட் ஃபைலை உருவாக்கி ஆப்பில் இன்ஸ்டால் செய்துவிடலாம். ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், கொஞ்சம் மெதுவானதுதான். ஆனால் பயனருக்குக் கிடைக்கப்போவதையே சோதிக்கிறீர்கள்.

பிஎன்பிஎம்முக்கு மாறிட்டா இந்தத் தொல்லையெல்லாம் போயிடுமா?

டிஸ்க் தொல்லை போகும். பிஎன்பிஎம் ஒவ்வொரு ஃபைலையும் கணினியில் ஒரே கிடங்கில் வைத்து, நகல் எடுக்காமல் அதையே சுட்டும் ஹார்டு லிங்க் போடுகிறது. நான்காம் கேள்வியில் வந்த சாக் இரட்டையும் போகும், ஏனென்றால் ஒரு வெர்ஷனுக்கு ஓர் இடம்தான். நீங்கள் அறிவிக்காத பேக்கேஜைத் தவறி இம்போர்ட் செய்தாலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆனால் டீபக் 2, டீபக் 4 இரண்டும் அங்கேயும் இரண்டுதான்.

பல ஆப்கள் ஒரே ரெப்போவில் இருக்கும் மோனோரெப்போவில் ஒரு புதிய வகை இரட்டையும் சேரும். ஒரு லைப்ரரி ரியாக்டைப் பியராகக் கேட்கிறது, உங்கள் ஓர் ஆப் ரியாக்ட் 17, இன்னொன்று 18 என்றால், அந்த லைப்ரரியின் ஒரே வெர்ஷனைப் பிஎன்பிஎம் இரண்டு முறை வைக்கும், ஒவ்வொரு ரியாக்டுக்கும் ஒன்றாக. அதுதான் சரியான நடத்தை. ஆனால் இரண்டு ஆப்பும் பகிரும் உள் பேக்கேஜ் ஒன்று நடுவில் இருந்தால் அது எந்த நகலைப் பார்க்கிறது என்பதில் குழப்பம் வரும். எல்லா ஆப்களையும் ஒரே ரியாக்ட் வெர்ஷனில் நிறுத்துவதைத் தவிர எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எல்எஸ்ல கிராஃப்க்யூஎல் ஒண்ணே ஒண்ணுதான் காட்டுது. ஆனா 'வேறொரு மாட்யூலிலிருந்து வந்த கிராஃப்க்யூஎல்ஸ்கீமாவைப் பயன்படுத்த முடியாது'ன்னு எரர். தலை சுத்துது.

ஃபோல்டர் ஒன்றாக இருந்தும் மாட்யூல் இரண்டாக இருக்கும் வழி இது. பல பேக்கேஜ்கள் ஒரே ஃபோல்டருக்குள் காமன்ஜேஎஸ் வடிவம் ஒன்று, இஎஸ் மாட்யூல் வடிவம் ஒன்று என்று இரண்டு ஃபைல் வைத்திருக்கின்றன. உங்கள் கோடு இம்போர்ட் வழியாக ஒன்றை எடுக்க, நடுவில் இருக்கும் ஒரு லைப்ரரி ரெக்வயர் வழியாக மற்றொன்றை எடுத்தால், ஐந்தாம் பதிலில் சொன்ன பாதைக் கணக்குப்படி அவை இரண்டு மாட்யூல். இன்ஸ்டன்ஸ்ஆஃப் தோற்கும். டிடியூப் இங்கே எதுவும் செய்ய முடியாது. எல்லோரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்: அந்த நடு லைப்ரரியை இம்போர்ட் செய்யும் வெர்ஷனுக்கு மாற்றுங்கள், அல்லது பண்டிலரில் அலயாஸ் போட்டு ஒரே ஃபைலைச் சுட்டுங்கள்.

எழுத்தின் அளவையும் ஒருமுறை சரிபாருங்கள். பெரிய, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காத ஃபைல் சிஸ்டத்தில் ஒரே ஃபைலை இரண்டு விதமாக எழுதி இம்போர்ட் செய்தால் நோட் இரண்டு முறை லோட் செய்யும்.

டைப்ஸ்கிரிப்ட் மட்டும் சண்டை போடுது. ரியாக்ட்நோடை ரியாக்ட்நோடுக்கே கொடுக்க முடியாதாம்!

பெயர் ஒன்று, அறிவிப்பு இரண்டு. ரியாக்டின் டைப் அறிவிப்புகளைக் கொண்ட @டைப்ஸ்/ரியாக்ட் இரட்டையாக இருக்கிறது. பல டைப்ஸ் பேக்கேஜ்கள் @டைப்ஸ்/ரியாக்டை நட்சத்திரக் குறியோடு, அதாவது எந்த வெர்ஷனும் சரி என்று கேட்கின்றன. 2022இல் 18க்கான டைப்ஸ் வந்தபோது, 17இல் இருந்த புராஜெக்டுகளில் இதனால்தான் திடீரென்று பில்ட் உடைந்தது. நட்சத்திரம் எதையும் ஏற்கும் என்பதால் இங்கே டிடியூப் பெரும்பாலும் பலிக்கும். பலிக்காவிட்டால் ஓவர்ரைட்ஸை இங்கே நான் தயங்காமல் போடுவேன், டைப்ஸ் ரன் நேரத்துக்குப் போவதில்லை.

பண்டிலைத் திறந்து பார்த்தா லோடாஷ், லோடாஷ்-இஎஸ், லோடாஷ்.டிபவுன்ஸ் மூணும் இருக்கு. டிடியூப் ஏன் சேர்க்கலை?

பெயர் வேறென்றால் பேக்கேஜ் மேனேஜருக்கு அவை வேறு வேறு பேக்கேஜ்கள். உங்கள் கோடில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர் கோடில் வருவதற்கு பண்டிலரில் லோடாஷிலிருந்து லோடாஷ்-இஎஸ்ஸுக்கு அலயாஸ் போடலாம். இதைக் கண்டுபிடிக்க எல்எஸ்ஸை நம்ப வேண்டாம். வெப்பேக் பண்டில் அனலைசர் போன்ற படம் போட்டுக் காட்டும் கருவிதான் உதவும்.

ஒரு தடவை சரி பண்ணிட்டேன். மறுபடி வராம சிஐல தடுக்க முடியுமா?

முடியும். சிஐ என்பது கோடு மாறும்போதெல்லாம் தானாக ஓடும் பில்டும் சோதனையும். யார்ன் டிடியூப், பிஎன்பிஎம் டிடியூப் இரண்டுக்கும் செக் கொடி உண்டு. சேர்க்கக்கூடிய இரட்டை இருந்தால் பில்டைத் தோல்வியாக்கும். என்பிஎம்மில் ஃபைண்ட்-டியூப்ஸ் என்ன மாறும் என்று காட்டும், எதையும் எழுதாது. என்பிஎம் எல்எஸ்ஸைக் காவலுக்கு வைக்க வேண்டாம், இரட்டை இருப்பதை அது பிழையாகக் கருதுவதில்லை.

நான் வைப்பது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். பேக்கேஜ்-லாக்.ஜேசனில் பேக்கேஜஸ் பகுதியின் சாவிகள் எல்லாம் ஃபோல்டர் பாதைகள்தான். அவற்றில் நோட்_மாட்யூல்ஸ்/ரியாக்ட் என்று முடிபவை ஒன்றுக்கு மேல் இருந்தால் எரரோடு வெளியேற வேண்டும். ரியாக்ட், ரியாக்ட்-டாம், கிராஃப்க்யூஎல் என்று ஒன்றாகவே இருந்தாக வேண்டியவற்றை மட்டும் பட்டியலில் வையுங்கள். டீபக்கையும் சாக்கையும் சேர்த்தால் தினமும் பில்ட் சிவப்பாகும், ஒரு வாரத்தில் யாராவது அந்தச் சோதனையையே எடுத்துவிடுவார்கள்.